லங்காஸ்டரைச் சுருக்கலாம், வெயிலைச் சுருக்க முடியாது

பெட்டியைப் பிரித்து, பாகங்களை ஒட்டி, குறிப்பில் சொன்ன வண்ணங்களையே அடித்து மேசைமேல் வைத்த என் முதல் லங்காஸ்டர் விமான மாடல் வெறும் பொம்மை மாதிரிதான் இருந்தது. அளவில் பிழை எதுவும் இல்லை. ஒரு மாலை அதை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன். சாய்வெயில் பட்டதும் அதே பிளாஸ்டிக், நிஜ விமானமாகிவிட்டது. கீழே கொண்டுவந்து டியூப்லைட்டைப் போட்டால் மறுபடியும் பொம்மை.

ஆவ்ரோ லங்காஸ்டர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். 1941 ஜனவரி 9 அன்று மான்செஸ்டரில் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 7,377 செய்தார்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 31 மீட்டர். 1/72 அளவில் செய்தால் அது 43 சென்டிமீட்டராகிவிடும். ஆனால் அதன்மேல் விழும் ஒளியை 72ஆல் வகுக்க முடியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சூரியன் நம் கண்ணுக்கு அரை பாகை அகலம்தான். அதனால்தான் வெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. வீட்டு டியூப்லைட் நான்கு அடி நீளம். மாடலின் கணக்கில் அது 88 மீட்டர் நீளமுள்ள ஒரு சூரியன், அதுவும் தலைக்கு மேலேயே தொங்குகிறது! எல்லா இடுக்கிலும் ஒளி புகுந்து நிழலைக் கரைத்துவிடுகிறது. போதாததற்கு வெளிச்சத்தின் அளவு வேறு. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் நம் அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெளிச்சம் குறையக் குறைய, வண்ணங்களின் செழுமையும் கருமை வெண்மை வேறுபாடும் நம் கண்ணுக்கு மங்கலாகின்றன.

ஆகவே, மாடல் செய்பவர் உண்மையில் தீட்டுவது விமானத்தை மட்டும் அல்ல, அதன்மேல் பட்டிருக்க வேண்டிய வெயிலையும் சேர்த்துத்தான்.

மாடல் வட்டாரத்தில் ஒரு பழைய அறிவுரை உண்டு: அசல் வண்ணத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து அடி. காரணமாகக் காற்றைச் சொல்வார்கள். தூரத்து மலை வெளிறித் தெரிவதுபோல என்று. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 30 சென்டிமீட்டரிலிருந்து 1/72 மாடலைப் பார்ப்பது, அசல் விமானத்தை 21.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். இருபது மீட்டர் காற்று எந்த நிறத்தையும் வெளிற வைக்காது. அறையின் மங்கல் வெளிச்சத்தை ஈடுகட்டத்தான் அந்த வெள்ளை தேவைப்படுகிறது. காரணம் தவறு, அறிவுரை சரி. லங்காஸ்டருக்கு இது ரொம்ப முக்கியம். இரவில் பறந்ததால் அதன் வயிறு முழுக்கக் கறுப்பு. சுத்தக் கறுப்பை அப்படியே அடித்தால் ஒரு விவரமும் தெரியாது, விமான வடிவில் ஓர் ஓட்டைதான் தெரியும். கரும் சாம்பல் அடித்தால் கண் அதைக் கறுப்பென்றே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது நிழல். இதற்குத்தான் ‘வாஷ்’. ஆயில் பெயின்டை டர்பன்டைன் போன்ற ஒன்றில் டீத்தண்ணீர் பதத்துக்குக் கரைத்து, உலோகத் தகடுகள் சேரும் கோட்டில் தூரிகை நுனியால் ஒரு சொட்டு வைத்தால் போதும், அது தானே கோடு நெடுக ஓடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விசைதான். ஆனால் அடியில் பளபளப்பான வார்னிஷ் இருக்க வேண்டும். மங்கலான பரப்பு என்பது நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு புழைதானே? வாஷ் கோட்டை விட்டுவிட்டு நாலாபக்கமும் பரவிக் கறையாகிவிடும். அது காயும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். காபி சிந்திக் காய்ந்தால் ஓரத்தில் மட்டும் கரும் வளையம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். சொட்டின் விளிம்பு முதலில் காய்கிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. மிச்ச வாஷைத் துடைக்காமல் விட்டால் இறக்கையெங்கும் காபி வளையங்கள்தான்.

வாஷின் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பலர் கறுப்பை ஊற்றுகிறார்கள். கிட்டில், அதாவது பெட்டியில் வரும் பாகங்களில், கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசலில் அது 14 மில்லிமீட்டர் இடுக்கு, விரலே நுழையும். ஏற்கெனவே பெரிதாக இருப்பதைக் கறுப்பால் இன்னும் பெரிதாக்குவானேன்? அடி நிறத்தைவிட ஒரு படி கருமை போதும். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டுக்கும் இதே கணக்கு. அரை மில்லிமீட்டர் ரிவெட் அசலில் 36 மில்லிமீட்டர், பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது! நல்ல கண்கூட 21 மீட்டரிலிருந்து ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த எதையும் தனியாகப் பிரித்தறியாது. அதனால் எல்லா ரிவெட்டையும் காட்டுவேன் என்று உட்காருவது, என்னைக் கேட்டால், வீண் வேலை.

துப்பாக்கிக் குழாய்கள் வேறு கதை. லங்காஸ்டரின் பிரௌனிங் துப்பாக்கிகளுக்குக் குழாயின் உள்விட்டம் 7.7 மில்லிமீட்டர். சுருக்கினால் 0.1, அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். அச்சில் ஊற்றும் பிளாஸ்டிக், அவ்வளவு சின்னத் துளையைச் சுற்றி மெல்லிய குழாயாக நிரம்புவதற்குள் ஆறி இறுகிவிடும். எனவே கிட் குழாயை வெட்டிவிட்டு பித்தளையில் கடைந்ததைப் பொருத்துகிறார்கள். இருக்கைப் பட்டைகளுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகடே போதும்.

விமானி அறைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டில்தான் நான் சூடுபட்டேன். சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி மூடிவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் உள்பக்கம் முழுக்க வெண்படலம், நடுவில் அச்சு அசலாக என் கட்டைவிரல் ரேகை. அந்தப் பசையின் ஆவி, ஈரமும் விரல் பிசுக்கும் இருக்கும் இடமாகப் பார்த்து இறுகிப் படியும். தடயவியல் ஆய்வகத்தில் கைரேகையை வெளிக்கொண்டுவர இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடிப் பாகங்களுக்கு இப்போது வெள்ளைப் பசைதான்.

சரி, புகைக்கறைக்கு வருவோம். லங்காஸ்டரின் முகமே அதுதான். எஞ்சினின் இருபுறமும் புகைப்போக்கிகள், அங்கிருந்து இறக்கைமேல் பின்னோக்கி நீளும் கறை. பலரும் அதைக் கரிக்கறுப்பாக அடித்துவிடுகிறார்கள். அன்றைய விமானப் பெட்ரோலில், பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் இடிக்காமல் இருக்க டெட்ரா எதில் லெட் என்ற ஈயச் சேர்மம் கலந்திருந்தது. ஈயம் எஞ்சினுக்குள்ளேயே படியாமல் வெளியேற புரோமின் சேர்மம் ஒன்றையும் சேர்த்தார்கள். எரிந்தபின் ஈய உப்புகள் புகையோடு வந்து வெளிர் சாம்பல் பொடியாக இறக்கையில் படிந்தன. ஆகவே புகைப்போக்கி அருகே கருமை, தள்ளிப்போகப்போக நடுவில் ஒரு வெளிறிய தடம். புரொப்பெல்லர் தள்ளும் காற்று சுழன்றுகொண்டே போவதால் ஒரே எஞ்சினின் இரண்டு பக்கக் கறையும் ஒன்றுபோல இருக்காது. சாக்பீஸ் போன்ற பாஸ்டல் குச்சியைப் பொடித்து மென்தூரிகையால் ஏற்றினால் இது அழகாக வரும். அதற்குமுன் பரப்பை மங்கல் வார்னிஷால் மூடிவிட வேண்டும். வாஷைக் கெடுத்த அதே பள்ளங்கள்தான் இப்போது பொடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் தேய்மானம். அலுமினியம் துருப்பிடிக்காது. இறக்கையில் செம்பழுப்புத் துரு வழியவிட்டால் அது லங்காஸ்டர் அல்ல, பழைய லாரி. வண்ணம் உதிர்வதும் தொட்டுப் புழங்கிய இடத்தில்தான்: இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஆள் நடந்த தடம், அடிக்கடி கழற்றி மாட்டிய எஞ்சின் மூடிகளின் விளிம்பு. அங்கே வெள்ளிப் பென்சிலால் சில புள்ளிகள் வைத்தால் போதும்.

எவ்வளவு தேய்ப்பது என்பது அந்த விமானம் எத்தனை நாள் இருந்தது என்பதைப் பொறுத்தது. லண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் ஆர்5868 என்ற லங்காஸ்டர் போல 137 முறை குண்டுவீசப் போய்த் திரும்பியவை அபூர்வம். செய்தவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை போரில் அழிந்தன, பல சில மாதங்கள்கூடத் தாண்டாமல். ஏழேழு பேர் அவற்றில் பறந்தார்கள். ஒவ்வொரு முறை போய்வந்ததற்கும் மூக்கின் பக்கத்தில் ஒரு குட்டிக் குண்டு வரைவது வழக்கம். நான் இப்போது செய்துகொண்டிருப்பதில் நான்கு குண்டுகள் மட்டும். அதனால் மேல்பக்கத்துப் பச்சையும் பழுப்பும் புத்தம்புதிதாகவே இருக்கின்றன, வெள்ளிப் பென்சிலைத் தொடவேயில்லை. ஆனால் நாலு இரவும் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடியிருக்குமே, அந்தச் சாம்பல் தடத்தை மட்டும் லேசாக ஏற்றியிருக்கிறேன்.