சிறைக்கே போகாதவருக்கும் துப்பாக்கித் தடை வரலாம்: அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஆனால் யாருக்கெல்லாம் இந்தத் தடை பொருந்தும் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

நீதிபதி எத்தனை வருஷம் கொடுத்தார் என்று சட்டம் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எத்தனை வருஷம் கொடுக்கலாம் என்றுதான் பார்க்கிறது. அது ஓராண்டுக்கு மேல் போனால் தடை. மாநிலம் சிறுகுற்றமாக வகைப்படுத்தியிருந்து, அதிகபட்சத் தண்டனையும் 2 ஆண்டுக்குள் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் குடும்ப வன்முறை என்றால், சிறுகுற்றமானாலும் 1996 முதல் தடைதான்.

பென்சில்வேனியாவில் ஒருவர் உணவு உதவி பெறுவதற்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டி, 1995-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, 3 ஆண்டு புரொபேஷன் (சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைப்பது) மட்டும். ஆனால் அந்தக் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை கொடுக்க இடமிருந்ததால், பிறகு துப்பாக்கி வாங்கப் போனபோது மறுத்துவிட்டார்கள். யாரையும் அடிக்காத, மிரட்டாத ஒருவருக்கு ஆயுள் முழுக்கத் தடை என்பது எனக்கு அதிகமாகவே படுகிறது. மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024-இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் அது அவர் ஒருவரின் வழக்குக்கான தீர்ப்பு. அதைக் காட்டி மற்றவர்கள் துப்பாக்கி வாங்கிவிட முடியாது.

தடை தோட்டாவுக்கும் சேர்த்துத்தான். இழுப்பறையில் தெரிந்தே வைத்திருக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், வழக்குப் போடலாம். துப்பாக்கி மனைவி பெயரில் இருந்தாலும், தடை உள்ள கணவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தால் சிக்கல்தான். சாவியோ எண்ணோ அவருக்குத் தெரியாத பெட்டகத்தில் பூட்டி வைப்பது நல்லது. வீட்டில் துப்பாக்கியே இல்லாமலிருப்பது அதைவிட நல்லது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. 2022 வரை இது 10 ஆண்டாக இருந்தது. கடையில் நிரப்பும் படிவத்தில் பழைய தண்டனையை மறைத்து எழுதினால் அது தனிக் குற்றம்.

இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்ற தண்டனை இந்தப் பிரிவில் சேராது. வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் கணக்கில் வராது என்று 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எச்-1பி வேலை விசா, மாணவர் விசா போன்றவற்றில் வந்திருப்பவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, குற்றமே செய்யாவிட்டாலும் துப்பாக்கி கூடாது.

தடை நீங்க வழி உண்டு. மாநில நீதிமன்றத் தண்டனை என்றால், ஆளுநரின் மன்னிப்போ, தண்டனைப் பதிவை நீக்கும் உத்தரவோ, வாக்குரிமை போன்ற குடிமை உரிமைகளைத் திரும்பத் தரும் ஆணையோ உதவலாம். ஆனால் அந்த உத்தரவிலேயே துப்பாக்கி கூடாது என்றிருந்தால் பயனில்லை. கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனை என்றால் அதிபரின் மன்னிப்பு வேண்டும். மத்திய அரசிடம் மனுப்போடும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. 1992 முதல் நாடாளுமன்றம் அதற்குப் பணம் ஒதுக்காததால் முடங்கிக் கிடந்தது. 2025-இல்தான் நீதித் துறை அதை மறுபடி திறக்கத் தொடங்கியது. மனுப் போட்டுவிட்டோம் என்பதாலேயே தடை நீங்காது. எழுத்தில் உத்தரவு கைக்கு வரும்வரை துப்பாக்கியைத் தொடக் கூடாது.