முக்கால் மணி நேரம் பறக்க, எழுபது நிமிட டிக்கெட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் நான் வேலை பார்க்கும் டிராவல் ஏஜென்சியின் கைபேசிக்குக் காலை ஆறு மணிக்கு அழைப்பு வந்தால், பெரும்பாலும் அது துக்கச் செய்தியாகத்தான் இருக்கும். சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு அழைப்பு. பல வருஷமாக எங்களிடமே டிக்கெட் எடுக்கும் ஒரு பெரியம்மா. "லெனேசியாவுல அண்ணன் தவறிட்டாரும்மா. மத்தியானம் ரெண்டு மணிக்கு எடுக்கிறாங்க. ஏதாவது ஒரு பிளேன்ல ஏத்தி விடு."

9.40க்குக் கிளம்பி 10.50க்கு ஜோகன்னஸ்பர்க் சேரும் ஒரு மலிவு விமானத்தில் இடம் இருந்தது. விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்கே, லெனேசியா தென்மேற்கே; காரில் ஒரு மணி நேரம் பிடிக்கும். கணக்குப்படி நண்பகலுக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். போட்டுக் கொடுத்தேன். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்துப் பலகை முதலில் 10.20 என்றது, பிறகு 11.05, பிறகு 12.10. கவுண்டரில் கேட்டால் "ஜஸ்ட் நவ்" என்றார்களாம். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: இங்கே 'ஜஸ்ட் நவ்' என்றால் 'இதோ' என்று அர்த்தம் இல்லை. 'பார்க்கலாம், எப்போதாவது' என்றுதான் அர்த்தம்.

பெரியம்மா லெனேசியா போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. தகன நிலையத்தில் நேரம் குறித்துத்தான் கொடுப்பார்கள். அடுத்த குடும்பம் வெளியே காத்துக்கொண்டிருக்கும், யாருக்காகவும் நிறுத்தி வைக்க முடியாது. அண்ணன் முகத்தை அவர் பார்க்கவில்லை. விமான நிறுவனத்திடமிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது.

அன்றைய தாமதத்துக்கு நான் காரணம் இல்லை. ஆனால் அந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிற எனக்கு அட்டவணை எப்படித் தயாராகிறது என்று தெரியும். தெரிந்தும் டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தை நம்பி ஒரு சாவு வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் வான்வழித் தூரம் சுமார் 480 கிலோமீட்டர். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஐம்பது நிமிடம். டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிடம் இருக்கும். மிச்சம் எங்கே போனது? அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை, 'பிளாக் டைம்'. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, இறங்கிய ஊரில் திரும்பக் கட்டை வைக்கும் நிமிடம் வரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் நிற்கும் நாலு விமானத்துக்கு வழி விடுவது, இறங்கிய பிறகு நிறுத்துமிடம் தேடிப் போவது எல்லாம் அதற்குள் அடக்கம். காற்றும் ஒரு காரணம். கேப் டவுனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும், குளிர்காலத்தில் இன்னும் அதிகமாக. ஆகவே கொஞ்சம் கூடுதல் நேரம் போடுவது நியாயம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

அந்த நியாயமான நேரத்துக்கும் மேலே போடுவதைத்தான் எங்கள் தொழிலில் 'பேடிங்' என்போம். தலையணைக்குள் பஞ்சைத் திணிப்பது மாதிரி. அதோடு இன்னொரு சலுகையும் சேரும். உலகம் முழுக்க இந்தத் துறையில், குறித்த நேரத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது 'நேரத்துக்கு வந்த விமானம்'தான். அமெரிக்க அரசு 1987 முதல் விமானங்களின் நேர ஒழுங்கைக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. அங்கேயும் இதே பதினைந்து நிமிடம்தான் அளவுகோல். இப்போது கூட்டிப் பாருங்கள். அட்டவணைக்குள் பத்து நிமிடப் பஞ்சு, அதற்கு வெளியே பதினான்கு நிமிட மன்னிப்பு. டர்பனில் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் ஜோகன்னஸ்பர்க்கில் 'நேரத்துக்கு' வந்து நிற்கும். விமானி மைக்கில் நன்றி சொல்வார். சிலர் கைகூடத் தட்டுவார்கள்.

நேரந்தவறாத விமான நிறுவனங்களின் உலகப் பட்டியல்களில் நம் நாட்டு நிறுவனமும் இடம்பிடித்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலான நாட்களில் உண்மையாகவே ஒழுங்காகத்தான் ஓடுகிறார்கள். ஆனால் பயணிக்கு அந்தச் சதவீதம் எதற்கு? நூற்றில் தொண்ணூறு நேரத்துக்கு வந்தது என்றால், மிச்சம் பத்தும் எப்போது, எந்த நேரத்து விமானத்தில், எவ்வளவு தாமதம் என்பதை அந்த எண் சொல்லாது. பதினாறு நிமிடத் தாமதமும் மூன்று மணி நேரத் தாமதமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய விஷயம், பஞ்சைத் திணித்திருக்கும் இடம். பறக்கும் நேரத்தில் தாராளமாக இருப்பவர்கள் தரையில் நிற்கும் நேரத்தில் மகா கஞ்சர்கள். மலிவு விமானத்தின் பிழைப்பே விமானத்தைத் தரையில் நிற்கவிடாமல் ஓட்டுவதில்தான் இருக்கிறது. வந்த கூட்டம் இறங்கி, குப்பை பொறுக்கி, பெட்டி மாற்றி, எரிபொருள் நிரப்பி, அடுத்த கூட்டம் ஏறி, கதவைச் சாத்த அரை மணி நேரம். இதை 'டர்ன்அரவுண்ட்' என்போம். ஒரே விமானம் காலையிலிருந்து இரவு வரை ஜோகன்னஸ்பர்க், டர்பன், மறுபடி ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் என்று ஆறு, எட்டு நடை அடிக்கும். காலை எட்டு மணிக்கு ஒரு சக்கர நாற்காலிப் பயணியை ஏற்ற இருபது நிமிடம் கூடுதலாகப் பிடித்தால், அந்த இருபது நிமிடம் விமானத்தோடேயே ஊர் ஊராகப் பயணம் செய்யும். போகிற இடத்தில் எல்லாம் கொஞ்சம் குட்டி போடும். மாலை ஆறு மணி விமானத்தில் ஏறுகிறவர், காலையிலிருந்து சேர்ந்த எல்லோருடைய தாமதத்தையும் வட்டியோடு வாங்கிக்கொள்கிறார். பறக்கும் நேரத்தில் போட்ட பத்து நிமிடப் பஞ்சு இந்தக் கடனை அடைக்காது.

அதிலும் அக்டோபர் முதல் மார்ச் வரை ஜோகன்னஸ்பர்க்கின் மாலை வானத்தை நம்பவே கூடாது. மூன்று மணி வரை பளிச்சென்று இருக்கும், நாலு மணிக்கு இடியும் மின்னலும் ஆலங்கட்டியும். மின்னல் பக்கத்தில் வந்துவிட்டால் எரிபொருள் நிரப்புவதையும் பெட்டி ஏற்றுவதையும் நிறுத்திவிட்டு ஊழியர்களை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். அது சரியான முடிவுதான், மனிதர்கள் வெட்டவெளியில் நிற்கிறார்கள். ஆனால் முக்கால் மணி நேரம் அப்படி நின்றால் நாட்டின் பாதி விமானங்கள் கலைந்துபோகும். விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை என்று வரம்பு இருக்கிறது. கடைசி விமானம் தாமதமாகித் தாமதமாகி அந்த வரம்பைத் தொட்டால் ரத்துதான். இரவு ஒன்பது மணிக்கு மேல் மாற்று ஊழியர்களை எங்கே தேடுவது?

பெரியம்மாவின் விமானத்துக்கு வானிலை பிரச்சினை இல்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வர வேண்டிய விமானம் அங்கேயே பழுதாகி நின்றுவிட்டது. மலிவு நிறுவனத்திடம் சும்மா நிற்கும் உபரி விமானம் இருக்காது. இருந்தால் டிக்கெட் அந்த விலைக்கு வராது.

ஆகவே இப்போதெல்லாம் என்னிடம் வருகிறவர்களிடம் மணி கேட்பதற்கு முன்னால் 'எதற்குப் போகிறீர்கள்?' என்று கேட்கிறேன். கடைக்குச் சரக்கு பார்க்கவா, எந்த விமானமும் சரி, மலிவானதில் போங்கள். சாவு, கல்யாணம், கோர்ட், வேலைக்கான நேர்காணல் என்றால் அன்றைய முதல் விமானம். அது முந்தைய இரவே வந்து இங்கே நிற்கும் விமானமாக இருந்தால் யாருடைய பழைய தாமதத்தையும் சுமக்காது. முடிந்தால் முந்தின நாளே போய்விடுவது இன்னும் நல்லது. புறப்படும் நாளில் ஃபிளைட்ரேடார்24 மாதிரியான செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், 'ஸெட் எஸ்' என்று தொடங்கும் அதன் பதிவு எண் தெரியும். அந்தப் பதிவு எண்ணைத் தொட்டால் விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அது கேப் டவுனில் நின்றுகொண்டிருந்தால், பலகை என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். பல நாள் எங்கள் அலுவலகத்தில் இருந்தே நான் பார்த்துச் சொன்னது, விமான நிலையத்தின் அறிவிப்பைவிட முன்னால் சரியாக இருந்திருக்கிறது.

கனெக்ஷன் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகமாக அடிபடுகிறார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் ஒரு மலிவு டிக்கெட், அங்கிருந்து வளைகுடா வழியாகச் சென்னைக்குத் தனி டிக்கெட் என்று இணையத்தில் தாங்களே பிரித்து எடுத்துவிடுகிறார்கள். நல்ல லாபம் போலத் தெரியும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டு நிறுவனமும் கையை விரிக்கும். முதல் நிறுவனத்துக்கு நீங்கள் ஜோகன்னஸ்பர்க் போக வேண்டியவர், அவ்வளவுதான். இரண்டாவதுக்கு நீங்கள் வராத பயணி. அதோடு வெளிநாட்டு விமானத்தில் செக்-இன் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதையும் மறந்துவிடுகிறோம். ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு பயணமும் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. கிங் ஷாகாவிலிருந்தே நேராகத் துபாய் போய் அங்கிருந்து சென்னை போகலாம். விலை கொஞ்சம் கூட இருக்கும். பிரித்துத்தான் எடுப்பேன் என்றால் நடுவில் ஒரு இரவு ஜோகன்னஸ்பர்க்கில் உறவினர் வீட்டில் தங்குங்கள். நமக்கு அங்கே உறவினருக்கா பஞ்சம்?

சரி, தாமதத்துக்குப் பணம் கிடைக்குமா? எல்லோரும் கேட்பது இதைத்தான். ஐரோப்பாவில் 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால், அசாதாரணக் காரணம் இல்லாத பட்சத்தில், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கிடைக்கும். 2014இல் அவர்களுடைய நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, கதவு திறந்த நேரம். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது. தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு விமானங்களுக்கு இப்படி மணிக்கணக்கு வைத்துத் தொகை தரும் சட்டம் எதுவும் இல்லை.

அதற்காக வெறுங்கை இல்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, சேவை உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும், தவிர்க்க முடியாத தாமதம் என்றால் அதை உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 'ஜஸ்ட் நவ்' என்பது தெரிவித்தல் ஆகாது என்பது என் கட்சி. இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்று உங்களை ஏற்ற மறுத்தால் 47ஆவது பிரிவு இருக்கிறது: பணத்தை வட்டியோடு தர வேண்டும், அதனால் நேரடியாக ஏற்பட்ட செலவையும் தர வேண்டும். 17ஆவது பிரிவைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சாவு ஏற்பட்டால் ரத்துக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் யார் பெயரில் பதிவோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோதான் அது பொருந்தும். மாமா இறந்துவிட்டார், என் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள் என்றால் சட்டம் உதவாது, நிறுவனத்தின் மனசுதான் உதவ வேண்டும்.

எதைக் கேட்பதாக இருந்தாலும் விமான நிலையத்திலேயே தாமதத்தை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றை வாங்கிவிடுங்கள். பலகையைப் படம் எடுங்கள், வாங்கிய டீக்குக்கூட ரசீது வைத்திருங்கள். நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுப் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பணம் கட்டுவது கிரெடிட் கார்டில் இருக்கட்டும். நான் கல்யாணமாகி டர்பனுக்கு வந்த 2001இல்தான் இந்த நாட்டின் முதல் மலிவு விமானமான கூலூலா பறக்கத் தொடங்கியது. 2012இல் ஒன்டைம், 2021இல் மேங்கோ, 2022இல் கூலூலாவும் என்று ஒவ்வொன்றாக நின்றுபோனதைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கார்டில் கட்டியவர்கள் வங்கி மூலம் கேட்டுப் பார்க்க ஒரு வழியாவது இருந்தது. கையில் பணம் கொடுத்தவர்களும் வங்கிக் கணக்குக்கு அனுப்பியவர்களும் நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டியவர்களின் வரிசையில் கடைசியில் நின்றார்கள்.

பெரியம்மா அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக மறுபடி என்னிடம்தான் வந்தார். எனக்கு முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. முந்தின நாள், அதிகாலை முதல் விமானம் போட்டேன். டிக்கெட்டில் 7.10க்குச் சேரும் என்று இருந்தது. ஏழே காலுக்கு அவரிடமிருந்து அழைப்பு. "சீக்கிரமே வந்துட்டோம்னு மைக்குல பெருமையாச் சொன்னாங்கம்மா. வந்து நின்னு பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் கதவு திறக்கல. படிக்கட்டு வண்டி வரலையாம்."

கணினியில் பார்த்தேன். 'வந்து சேர்ந்தது, 9 நிமிடம் முன்னதாக' என்று இருந்தது.