கதவைத் திறந்து வைத்து வரையுங்கள்

யாராவது ஒரு வீட்டின் 3டி மாடலைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினால், நான் முதலில் வண்ணத்தையோ வெளிச்சத்தையோ பார்ப்பதில்லை. அதில் இருக்கிற அலமாரிக் கதவுகள் எல்லாவற்றையும் 90 டிகிரிக்குத் திறந்துவிடுகிறேன், டிராயர்களை முழு நீளத்துக்கு வெளியே இழுத்துவைக்கிறேன், ஃபிரிட்ஜ், ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம் என்று கதவு உள்ள எதையும் விடுவதில்லை. அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை அழகாகத் தெரிந்த அறை அப்போதுதான் தன் குறைகளைக் காட்டும். ஒரு கைப்பிடி பக்கத்துச் சுவரைக் குத்தும், மூலையில் இரண்டு டிராயர்கள் ஒன்றையொன்று மறிக்கும், வார்ட்ரோப் கதவு கட்டிலில் முட்டி நிற்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தவறிலிருந்து வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சமையலறை வரைந்தேன். மேடை முடிகிற மூலையில், பக்கத்துச் சுவரை ஒட்டி மூன்று டிராயர் கொண்ட ஒரு கேபினெட். அந்தப் பக்கத்துச் சுவரில்தான் அறையின் வாசல். வாசல் நிலையைச் சுற்றி ஒரு மரச்சட்டம் சுவரிலிருந்து 20 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நான் அதை அளக்கவும் இல்லை, வரையவும் இல்லை. மாடலில் டிராயர்கள் எப்போதும் மூடியே இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லாம் செய்து பொருத்திய பிறகு டிராயரை இழுத்தால் ஒரு சாண் தூரத்தில் சட்டத்தில் இடித்து நின்றுவிட்டது. அந்த வீட்டு அம்மா கோபப்படவில்லை, "படத்துல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேபினெட்டைக் குறுக்கி, சுவருக்கும் அதற்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் 50 மி.மீ. ஃபில்லர் பட்டை வைத்து, மூன்று டிராயர்களையும் திரும்பச் செய்தோம்.

மென்பொருளில் ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். அறையில் நுழையாது. அதனால் அசையும் எதையும் அசைத்துப் பார்க்க வசதியாக வரைவதுதான் முதல் வேலை. ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் என்றால் ஒவ்வொரு ஷட்டரையும், அதாவது அலமாரிக் கதவையும், காம்போனென்ட் என்ற தனித் தொகுப்பாகச் செய்து, அதன் அச்சைக் கீல் வரும் மூலைக்கு மாற்றி வையுங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்த மூலையைப் பிடித்துச் சுழற்றலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை சீன், அதாவது சேமித்த காட்சி, நினைவில் வைத்துக்கொள்ளாது, எந்த டேக் (பொருள்களைக் காட்டவும் மறைக்கவும் போடும் அடையாளம்) தெரிகிறது எது மறைந்திருக்கிறது என்பதைத்தான் வைத்துக்கொள்ளும். ஆகவே ஷட்டர்களைப் பிரதியெடுத்து, திறந்த நிலையில் உள்ளவற்றை ஒரு டேக்கிலும் மூடியவற்றை இன்னொரு டேக்கிலும் போட்டு இரண்டு சீன்கள் அமைத்துவிட்டால், ஒரே சொடுக்கில் அறை முழுவதும் திறக்கும், மூடும். இதற்குச் செலவாகும் நேரத்தை ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை.

அடுத்தது கனம். கேபினெட்டை வெறும் பெட்டியாக இழுத்துவிட்டு முகப்பில் நான்கு கோடு போட்டால் படத்துக்குப் போதும், ஆனால் தச்சருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. வெளி அகலம் 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை போனால் உள்ளே 564. டிராயர் சறுக்கி ஓடும் டெலஸ்கோபிக் சேனல் பக்கத்துக்கு 12.7 மி.மீ. எடுத்துக்கொள்ளும், டிராயர் பெட்டி ஏறத்தாழ 538. அந்தப் பெட்டியின் பக்கங்கள் 15 மி.மீ. பலகை என்றால் உண்மையில் பொருள் வைக்கக் கிடைப்பது 508 மி.மீ. தான். 600 என்று மனதில் வைத்துக்கொண்டு 550 மி.மீ. அகலத் தட்டு ஒன்றை அதில் வைக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால், பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

லேமினேட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் 1 மி.மீ. லேமினேட் ஒட்டினால் 18 மி.மீ. பலகை 20 ஆகிறது. ஐந்து கேபினெட் வரிசையாக நின்றால் பத்துப் பக்கப் பலகைகள், உள் அளவு மாறக் கூடாது என்றால் மொத்த வரிசை 20 மி.மீ. நீண்டுவிடும். இரண்டு சுவர்களுக்கு நடுவில் கச்சிதமாக வரைந்த வரிசை நுழையாமல் போவதற்கு இது ஒன்றே போதும். இன்னொன்று, பலகையில் 18 என்று அச்சடித்திருந்தாலும் கையில் வருவது அதைவிடச் சற்றுக் கூடக் குறைய இருக்கலாம். வரப்போகிற பலகையின் ஒரு துண்டை வாங்கி காலிப்பரில் அளந்து, அந்த எண்ணை மாடலில் போடுவது நல்லது.

இங்கேதான் பொருளை இழுத்துப் பெரிதாக்கும் ஸ்கேல் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கும் மாடல்களில் பாதிப் பிழை அதிலிருந்துதான் வருகிறது. 600 மி.மீ. கேபினெட் ஒன்று தயாராக இருக்கிறது, 900 வேண்டும், சரி என்று ஓரத்தைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். அளவு 900 வந்துவிடும், ஆனால் 18 மி.மீ. பக்கப் பலகை 27 ஆகியிருக்கும், கைப்பிடியும் ஒன்றரை மடங்கு நீண்டிருக்கும். மாடலிலிருந்து வெட்டுப்பட்டியல், அதாவது வெட்ட வேண்டிய பலகைகளின் அளவுப் பட்டியல், எடுக்கும்போது இல்லாத கனத்தில் ஒரு பலகை அதில் வந்து உட்கார்ந்திருக்கும். உள்ளே போய், ஒரு பக்கப் பலகையை மூவ் கருவியால் 300 மி.மீ. நகர்த்தி, மேல், கீழ், பின் பலகைகளை மட்டும் நீட்டுங்கள். அல்லது அளவைச் சொன்னால் தானே சரிசெய்துகொள்ளும் டைனமிக் காம்போனென்டாக ஒருமுறை கட்டிவிடுங்கள். ஒரே காம்போனென்டின் பல பிரதிகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்றால், முதலில் அதை 'மேக் யூனிக்' செய்துவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் உள்ள எல்லா அலமாரியும் சேர்ந்து மாறும்.

ஸ்கெட்ச்அப்பில் அளவுக்கு முன்னால் ~ என்ற குறி தெரிந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். திரையில் தெரியும் எண் முழுமையானது இல்லை, பின்னால் ஏதோ ஒரு பின்னம் ஒளிந்திருக்கிறது என்று அது சொல்கிறது. யூனிட்ஸ் பகுதியில், நீளத்தைக் குறிப்பிட்ட படிகளுக்குத் தானே இழுத்துக்கொள்ளும் லென்த் ஸ்நாப்பிங்கை அணைத்துவிட்டு, மி.மீ.-இல் எண்ணைத் தட்டச்சு செய்து வரைந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

சீஃப் ஆர்க்கிடெக்ட் போன்று கேபினெட்டைத் தானே உருவாக்கித் தரும் மென்பொருளில் வேலை வேகமாக நடக்கும், ஆனால் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க வழக்கத்தை ஒட்டிய இயல்பு அளவுகளில் தரைக் கேபினெட் ஆழம் 24 அங்குலம், உயரம் 34.5 அங்குலம், சுவர்க் கேபினெட் ஆழம் 12 அங்குலம் என்று இருக்கும், முகப்பில் சட்டம் வைத்த கட்டுமானமாகவும் இருக்கலாம். உங்கள் தச்சர் சட்டமில்லாமல், மி.மீ. கணக்கில், கதவில் 35 மி.மீ. குழி தோண்டிப் பதிக்கும் கீல் போட்டுச் செய்பவர் என்றால் படமும் பொருளும் ஒருபோதும் சேராது. முதல் சுவரை வரைவதற்கு முன்பே அந்த இயல்பு அளவுகளை மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள். ஸ்வீட் ஹோம் 3டி இலவசம், கற்றுக்கொள்ளவும் எளிது, அறைக்குள் எது எங்கே என்று பார்க்க எனக்குப் பிடித்த கருவி, ஆனால் அதில் கேபினெட்டின் உள் கட்டுமானத்தைத் தேடாதீர்கள்.

ஷட்டர்களுக்கு நடுவில் 3 மி.மீ. இடைவெளியை வரைந்தே காட்டுங்கள். படத்திலும் அந்த மெல்லிய நிழல் கோடு வந்தால்தான் பொருள் உண்மையாகத் தெரியும். கீல் எந்த வகை என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். நடுவில் ஒரே ஒரு பலகை, அதன் இரு பக்கமும் இரண்டு ஷட்டர்கள் என்றால் இரண்டுமே அந்த 18 மி.மீ.-ஐ முழுதாக மூட முடியாது, ஆளுக்குப் பாதிதான். வார்ட்ரோப்பில் ஷட்டருக்குப் பின்னால் டிராயர் வைக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரணக் கீலில் ஷட்டர் 90 டிகிரி திறந்து நிற்கும்போது அதன் ஓரம் சிறிதளவு உள் இடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், டிராயர் அதில் உரசும். கீல் பக்கத்தில் ஒரு பட்டை வைத்து டிராயரை உள்ளே தள்ளுங்கள், அல்லது ஷட்டர் முழுக்க விலகிப்போகும் அகலக் கோணக் கீலைத் தேர்ந்தெடுங்கள். இதை மூடிய கதவு எப்படிக் காட்டும்?

சுவர்களை நம்பாதீர்கள். மென்பொருளில் எல்லா மூலையும் 90 டிகிரி, கட்டடத்தில் அப்படி ஒரு மூலையைக் காண்பது அரிது. கேபினெட் நிற்கும் இடத்தை அடியில், இடுப்பளவில், மேலே என்று மூன்று உயரத்தில் அளந்து சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள், மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். டைல்ஸ் இனிமேல்தான் ஒட்டப்போகிறார்கள் என்றால் அதன் கனமும் பசையின் கனமும் சேர்ந்து ஒவ்வொரு சுவரையும் உள்ளே கொண்டுவரும். சுவரின் கோணலை அப்படியே வரைவதா, நேராக வரைவதா என்று கேட்பார்கள். என் வழக்கம் நேராக, சிறிய அளவில் வரைந்து, சுவர் ஓரங்களில் 20 முதல் 50 மி.மீ. ஃபில்லர் விடுவது. அந்தப் பட்டையை அங்கேயே சுவரின் வளைவுக்கு இழைத்துப் பொருத்திக்கொள்ளலாம். இரண்டு வரிசைகள் சந்திக்கும் மூலையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கைப்பிடி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஃபில்லர் தேவை, இரண்டு பக்கமும். ஸ்விட்ச் போர்டு, குழாய், ஜன்னல் அடிமட்டம், உத்திரம் இவை எல்லாம் மாடலில் இருந்தாக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உயரமான அலமாரி விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு, இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. 2400 மி.மீ. உயரம், 600 மி.மீ. ஆழம் கொண்ட அலமாரி, அறையின் உயரம் 2450. படத்தில் மேலே 50 மி.மீ. இடம் தெரிகிறது. ஆனால் அதைத் தரையில் படுக்கவைத்துப் பூட்டி, தூக்கி நிறுத்தும்போது அதன் மூலைவிட்டம் கடந்துபோக வேண்டும், அது 2474 மி.மீ. கூரையில் இடிக்கும். அடிப்பீடத்தை 100 மி.மீ. உயரத்தில் தனியாகச் செய்து, மேலே 2300 பெட்டியை நிறுத்தினால் மூலைவிட்டம் 2377 தான், சுலபமாக எழுந்து நின்றுவிடும், பிறகு பீடத்தின் மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மாடலில் அந்தப் பெட்டியைச் சாய்த்துச் சுழற்றிப் பார்த்தாலே இது கண்ணுக்குத் தெரியும். அப்படியே வாசல் வழியாக, படிக்கட்டுத் திருப்பம் வழியாகக் கொண்டுவர முடியுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெட்டுப்பட்டியலுக்கு ஸ்கெட்ச்அப்பில் ஓபன்கட்லிஸ்ட் என்ற இலவச இணைப்பு இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. பலகை 2440 × 1220 மி.மீ., ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 3 முதல் 4 மி.மீ. தின்னும், இதையும் கணக்கில் கொடுங்கள். மர ரேகை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை மாடலிலேயே குறித்துவிட்டால் துண்டுகளைக் கண்டபடி திருப்ப முடியாது, பலகை கூடுதலாகத் தேவைப்படும், அது முன்கூட்டியே தெரிவதுதான் நல்லது. டெக்ஸ்சரையும், அதாவது பலகைப் பரப்பில் ஒட்டும் மர ரேகைப் படத்தையும், உண்மை அளவில் போடுங்கள். 2440 மி.மீ. நீளத்தில் ஓடும் ரேகையை 600 மி.மீ.-க்குள் சுருக்கி ஒட்டினால், வீட்டுக்காரர் அந்த நெருக்கமான ரேகையை எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

கேமரா விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம் அதிகம். ஸ்கெட்ச்அப்பின் இயல்பான பார்வைக் கோணம் 35 டிகிரி. அறைக்குள் நின்று காட்ட அதைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 75, 80 என்று போய்விட்டால் மூன்றடி நடைபாதை கூடம் போலத் தெரியும். அந்தப் படத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது. கோணத்தைக் குறைத்து, கேமராவை 1500 முதல் 1600 மி.மீ. கண் உயரத்தில் வைத்து, அறை சிறியதென்றால் சிறியதாகவே காட்டுங்கள். கூடவே மேலிருந்து பார்க்கும் தரைப்படம் ஒன்றைக் கொடுங்கள். சமையலறையில் வேலை செய்யும் இடைவழிக்கு, அமெரிக்காவின் சமையலறை, குளியலறைத் துறைச் சங்கமான என்கேபிஏ ஒருவர் சமைத்தால் 42 அங்குலம், அதாவது 1067 மி.மீ., ஒருவருக்கு மேல் என்றால் 48 அங்குலம், 1219 மி.மீ. என்று பரிந்துரைக்கிறது. எல்லா வீட்டிலும் அவ்வளவு இடம் கிடைக்காது. எவ்வளவு கிடைக்கிறது என்பதாவது எண்ணாகப் படத்தில் இருக்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மினுமினுக்கும் ரெண்டர் படங்களை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்கு முன், எல்லாக் கதவும் டிராயரும் திறந்த நிலையில், எதிரே மிஞ்சும் இடைவெளி மி.மீ.-இல் குறிக்கப்பட்ட ஒரு தரைப்படம் கேளுங்கள். ஒழுங்காக வரைந்தவருக்கு அதைத் தர ஐந்து நிமிடம் போதும். தயங்கினால், அவர் வரைந்து முடிக்கும் வரை பலகை வெட்டச் சொல்லாதீர்கள்.