ஹேங்ஓவருக்குத் தமிழ் என்ன?

தண்டையார்பேட்டை டீக்கடையில் போன வாரம் காதில் விழுந்தது: "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆச்சு. இவன் இன்னும் அந்த ஹேங்ஓவர்லயே கீறான்பா." பேச்சுக்கு ஆளான தம்பி பக்கத்திலேயே நின்று பொறையை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை.

ஹேங்ஓவர் என்றதும் குடித்த மறுநாள் தலைவலிதான் நினைவுக்கு வரும். ஆனால் 1890களில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியபோது, முன்பிருந்ததில் எஞ்சி நிற்பது என்றுதான் பொருள். குடி அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் தெரியாமலே பழைய பொருளில் பேசுகிறார்கள்.

தமிழில்? 'மப்பு' சரிவராது, அது காதல் நடக்கும்போதே ஏறியிருப்பது. 'வடு' என்பார்கள். தீ சுட்ட புண் ஆறிவிடும், நாவால் சுட்ட வடு ஆறாது என்கிறது 129ஆம் குறள். கடைசிச் சண்டையில் கொட்டிய வார்த்தைக்கு அது பொருந்தும். மிஞ்சுவது எல்லாமே வலியா என்ன?

'வாசனை' கிட்டத்தில் வருகிறது. பட்ட அனுபவம் மனதில் விட்டுப்போகும் பதிவுக்கு வடமொழியில் அதுதான் பெயர். 'பூர்வஜென்ம வாசனை' அப்படி வந்தது. காசிமேட்டில் மீன் வாங்கி ஆய்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். சோப்பு போட்டு, புளி தேய்த்துக் கழுவினாலும் ராத்திரி கையை மூக்கருகே கொண்டுபோனால் லேசாகக் கவுச்சி அடிக்கும்.

என் ஓட்டு 'எச்சம்' என்ற சொல்லுக்கு. எஞ்சு என்பதிலிருந்து பிறந்தது. பள்ளியில் படித்த வினையெச்சத்தை நினைத்துப் பாருங்கள்: பார்த்து, சிரித்து, பழகி. பின்னால் ஒரு முற்று வராவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். தொல்காப்பியம் எச்சவியலில் பத்து எச்சங்களை அடுக்குகிறது. அதில் முதலாவது பிரிநிலை! (இலக்கணப் பிரிநிலைதான், காதலர் பிரிவு இல்லை. ஆனாலும்.) தம்பி கதையும் அதேதான்: திருவொற்றியூர் தேரடியில் காத்திருந்து, சேர்ந்து நடந்து, மணிக்கணக்காகப் பேசி... முற்று வரவில்லை.

ஒரே சிக்கல், தெருவில் எச்சம் என்றால் பைக் சீட்டில் காக்கா போட்டது. கடையில் சொல்லிப் பார்த்தேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி மட்டும் கிளாஸை வைத்துவிட்டு, "மிச்சம்னு வையிண்ணா, போதும்" என்றான்.