முகத்தில் ஊரும் பட்டைகள்

அக்கா மகளுக்கு வீடியோ இன்டர்வியூ. முந்தின நாள் ராத்திரி வெப்கேமைச் சோதித்துப் பார்த்தால் முகத்தின் மேல் மங்கலான பட்டைகள் வரிசையாக ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி போட்டாள், கேபிளை மாற்றினாள், கடைக்காரரைத் திட்டினாள். நான் போய் டியூப் லைட்டை அணைத்தேன். பட்டை போய்விட்டது, முகமும் போய்விட்டது, அது வேறு விஷயம்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம் இருப்பதால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் சில மலிவான எல்இடி பல்புகளும் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஏனென்றால் வெப்கேம் சென்சார் மொத்தப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் படித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. ஒரு வரிசை வெளிச்சம் வாங்கும் நேரம் சரியாக 1/100 விநாடியாகவோ அதன் மடங்காகவோ இருந்தால் எல்லா வரிசைக்கும் சம பங்கு. கேமரா அமெரிக்கக் கணக்குப்படி 60 ஹெர்ட்ஸில் இருந்தால் அது 1/120 என்று அளக்கும். சில வரிசைக்கு உச்ச வெளிச்சம், சிலவற்றுக்கு இறக்கம், அதுதான் பட்டை. விநாடிக்கு 30 படம், 100ஐ 30ஆல் வகுத்தால் மீதி வருகிறது, அதனால் பட்டை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை.

மருந்து சின்னது. கேமரா மென்பொருளிலோ, ஓபிஎஸ் மாதிரி வீடியோ பதிவுச் செயலியில் கேமரா அமைப்புகளைத் திறந்தோ, 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' என்பதை 50 ஆக்கினால் போதும்.

படம் இழுத்து இழுத்து வந்தால் உடனே நெட்டைக் குறை சொல்கிறோம். பல நேரம் இருட்டுதான் காரணம்: வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா 1/15 விநாடி எடுத்துக்கொண்டால் 30 படம் எங்கிருந்து வரும்? ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், முதுகைக் காட்டி அல்ல.

அப்புறம் யூஎஸ்பி. 1280×720 படம், புள்ளிக்கு 2 பைட், விநாடிக்கு 30 என்றால் சுமார் 55 மெகாபைட். யூஎஸ்பி 2.0 ஏட்டளவில் தருவதே 60தான், அதையும் முழுதாக ஒரு கேமராவுக்குக் கொடுக்காது. அதனால் பெரும்பாலான கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகின்றன. ஒரே ஹப்பில், அதாவது ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாகப் பிரிக்கும் பெட்டியில், இரண்டாவது கேமரா திறக்க மறுப்பதும் இதனால்தான். முதலாவது தன் பங்கை ரயில் பெர்த் மாதிரி முன்பதிவு செய்து வைத்திருக்கும், காலியாகக் கிடந்தாலும் இன்னொன்று உட்கார முடியாது.

திரை வெறும் கறுப்பா? லென்ஸ் மூடியைப் பாருங்கள், வேறு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுநாள் இன்டர்வியூவில் பட்டை ஓடியது எதிரில் இருந்த அதிகாரியின் முகத்திலாம். இவள் வாயைத் திறக்கவில்லை.