இறையழைத்தல்: தொழிலா, விளியா?

‘வொக்கேஷன்’ என்பதை அகராதியில் புரட்டினால் ‘தொழில்’ என்றுதான் பெரும்பாலும் கண்ணில் படும். தொழிற்கல்விக்கு அது சரி. துறவற சபையில் சேர நினைக்கும் இளையோருக்கு நடக்கும் முகாமை ‘தொழில் முகாம்’ என்று எழுதிவிட்டால், தையல் கற்றுக்கொள்ள வந்து நிற்பவரைக் குறைசொல்ல முடியாது. கத்தோலிக்கர் வாயில் புழங்கும் சொல் ‘தேவ அழைத்தல்’. இப்போது எழுத்தில் ‘இறையழைத்தல்’ என்கிறார்கள்.

‘வொக்கேஷன்’ என்ற சொல்லின் வேர் இலத்தீனின் ‘வொக்காரே’, அதாவது கூப்பிடுதல். இலக்கணத்தில் வரும் ‘வொக்கேட்டிவ்’ இதன் உடன்பிறப்பு. நாம் எட்டாம் வேற்றுமை, விளி என்று படித்தோமே, அதுதான். மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் ‘தெய்வவிளி’ என்றே சொல்கிறார்கள். தமிழில் விளி இலக்கணப் புத்தகத்துக்குள் ஒதுங்கிவிட்டது. இல்லையென்றால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. கிரேக்கத்தில் இது ‘கிளேசிஸ்’. திருச்சபையைக் குறிக்கும் ‘எக்கிளேசியா’வும் அதே வேரில் பிறந்தது: கூப்பிட்ட குரலுக்கு வந்து கூடியவர்கள். தனி ஆளின் அழைத்தலும் கூடி வாழ்வதும் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்தச் சொல்லில் தொழில் என்ற பொருள் ஏறியதில், புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதருக்குப் பங்கு உண்டு. துறவிக்கு மட்டுமல்ல, செருப்புத் தைப்பவருக்கும் தன் வேலை அழைத்தலே என்பது அவர் வாதம். அவர் எடுத்தாண்ட ஜெர்மானியச் சொல் ‘பெரூஃப்’. அதற்குள் இருக்கும் ‘ரூஃப்’ என்றால் கூப்பாடு. இன்று அந்தச் சொல்லுக்கு உத்தியோகம் என்றே பொருள்.

அழைப்பா, அழைத்தலா? எபேசியர் 4:1-இல் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு ‘அழைப்பு’ என்கிறது. ஆனால் இன்று அழைப்பு என்றால் கல்யாணப் பத்திரிகையும் தொலைபேசியும்தான் நினைவுக்கு வரும். ஒரு முறை வந்து முடிவது அழைப்பு. ‘அழைத்தல்’ என்னும்போது கூப்பிடுவது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அன்னை தெரேசா தமக்கு நேர்ந்ததை அழைப்புக்குள் அழைப்பு என்றார். 1937-இலேயே லொரேட்டோ என்ற கன்னியர் சபையில் இறுதி வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுதும் துறவியாக இருப்பதாக வாக்கு, கொடுத்தவர் அவர். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் ஏழைகளிடையே வாழக் கூப்பிடும் குரலை உணர்ந்தார். ஆனாலும் மடத்தை விட்டு வெளியேற 1948 ஆகஸ்ட் வரை பொறுத்திருந்தார். பேராயரும் உரோமையும் சம்மதிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் நேரே சேரிக்குப் போகாமல் பாட்னாவில் செவிலியப் பயிற்சி பெற்றார். 1950 அக்டோபர் 7-இல் அவருடைய சபைக்கு அனுமதி கிடைத்தது.

அழைத்தல் உண்மைதானா என்று இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்குத் ‘தெளிந்து தேர்தல்’ என்பது நல்ல தமிழ். உள்ளுணர்ச்சி மட்டும் போதும் என்று நினைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, 17 வயது நிரம்பாதவரும் திருமண பந்தத்தில் இருப்பவரும் நவதுறவில், அதாவது ‘நொவிசியேட்’ என்னும் துறவறத் தொடக்கப் பயிற்சியில், சேர முடியாது. கட்டாயத்தாலோ அச்சத்தாலோ சேர்ந்திருந்தால் அது செல்லாது. அடைக்க வழியில்லாத கடன் இருந்தாலும் சேர்க்கக் கூடாது. கடன்காரருக்குத் தப்பி வந்தவருக்கு மடம் புகலிடம் ஆகிவிடும் அல்லவா? நவதுறவு குறைந்தது 12 மாதம். நடுவில் 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும்; 3 மாதத்தைத் தாண்டினால் முழுவதும் செல்லாது. அடுத்து 3 முதல் 6 ஆண்டுக்குத் தற்காலிக வார்த்தைப்பாடு. இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே நாட்டுச் சட்டத்திலும் செல்லும்படி உயில் எழுதிவிட வேண்டும்.

வார்த்தைப்பாடு என்பது வெறும் ‘சத்தியம்’ அல்ல. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றுக்கும் கொடுக்கும் வாக்கு அது. தெரேசாவின் சபையில் நான்காவதும் உண்டு: பரம ஏழைகளுக்கு மனமார, இலவசமாகப் பணிசெய்வது. ஏழ்மையை ‘வறுமை’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. வறுமை ஒருவர்மேல் வந்து விழுவது, இது தேர்ந்துகொண்டது. நடைமுறையில் இதற்குப் பொருள், பள்ளியில் வாங்கும் சம்பளம் சிஸ்டரின் கைக்கு அல்ல, சபையின் பொதுக் கணக்குக்குப் போகும் என்பது.

‘கம்யூனிட்டி’யைத் தமிழாக்குவதில்தான் பெரிய வில்லங்கம். கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் தமிழ்நாட்டில் சாதிச் சான்றிதழ். ஆகவே துறவியர் சேர்ந்து வாழ்வதைக் ‘குழும வாழ்வு’ என்பதே குழப்பமில்லாதது. ‘கான்வென்ட்’டும் ஒன்றுகூடுதல் என்ற பொருளில் பிறந்து, இங்கே இங்கிலீஷ் மீடியம் பள்ளியாகிவிட்ட சொல்தான்.

1921-இல் மருத்துவர்கள் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய புரொட்டஸ்டண்ட் குழுமம், சாதியின் வாயில் கிடந்த ‘குலம்’ என்ற சொல்லையே எடுத்துத் தனக்குப் பெயராக வைத்துக்கொண்டது: கிறிஸ்துகுல ஆசிரமம். மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்து ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த அந்த இருவரையும் ஊர் கூப்பிட்டது பெரியண்ணன், சின்னண்ணன் என்று.