ஆலைக்குப் பின்னால் ஒரு தண்டவாளம்: ஷார்ட் லைன் ரயிலை நம்பிச் சரக்கு எடுக்கும் முன்

அமெரிக்காவில் ஓஹாயோ, பென்சில்வேனியா பக்கத்து ஆலைகளில் கொள்முதல் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர். லாரி வாடகை அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். ஆலைக்குப் பின்னால் புல் மண்டிக் கிடக்கும் தண்டவாளத்தைப் பற்றிக் கேட்டால், "அது பழைய லைன் சார், ஓடுதான்னே தெரியலை" என்பார்கள். விசாரித்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் அடுத்த காம்பவுண்டுக்கு அதில் வேகன் வந்து போய்க்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் மோல்டிங் ஆலைகளுக்கு ரயிலில் மூலப்பொருள் வரவழைத்து இறக்குவது என் வேலை. அந்த லைனை நம்பி இறங்குகிறவர்கள் பணத்தை எங்கே விடுகிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்வோம். நெடுந்தூரப் பாதைகளைப் பெரிய கம்பெனிகள் வைத்திருக்கின்றன. 2023இல் கனடியன் பசிபிக்கும் கேன்சஸ் சிட்டி சதர்னும் ஒன்றானபின் அவை ஆறு. அவற்றின் மெயின் லைனிலிருந்து பிரிந்து, சிற்றூர்களுக்கும் ஆலைகளுக்கும் போகிற கிளைப் பாதைகளை ஓட்டுபவை ஷார்ட் லைன்கள். நம்மூர் மினி பஸ் மாதிரிதான். கிராமத்திலிருந்து மெயின் ரோடு வரை அது, அங்கிருந்து எக்ஸ்பிரஸ். நாடு முழுக்கச் சுமார் 600 இருக்கின்றன. பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் லைன் வெறும் நாலரை மைல்தான். நீராவி இன்ஜினில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, சரக்கு வேகனையும் இழுக்கிறது. மறுபக்கம், நூற்றுக்கும் மேற்பட்ட லைன்களை வைத்திருக்கும் ஜெனசி அண்ட் வயோமிங் இருக்கிறது. அதுவும் 1899இல் நியூயார்க் மாநிலத்தில் ஓர் உப்புச் சுரங்கத்துக்காகத் தொடங்கிய சின்ன லைன்தான்.

இத்தனை லைன்கள் பெருகியதற்குக் காரணம் 1980இன் ஸ்டாகர்ஸ் சட்டம். கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய அந்தச் சட்டம், லாபம் தராத கிளைகளைக் கைகழுவவும் பெரிய கம்பெனிகளுக்கு வழி விட்டது. பிடுங்கி எறிந்திருக்க வேண்டிய தண்டவாளங்களைச் சின்ன முதலாளிகள் வாங்கினார்கள், சில இடங்களில் மாநில அரசே வாங்கியது. ஆகவே ஷார்ட் லைன்காரருக்கு உங்கள் மாதம் நாலு வேகன் பெரிய விஷயம். போன் செய்தால் மேலாளரே எடுப்பார். பெரிய கம்பெனியில் அந்த நாலு வேகனுக்கு யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பிளாஸ்டிக் குருணை ஏற்றிய, கீழ்வாய் வழியே இறக்கும் ஹாப்பர் வேகன் ஒன்றில் சுமார் 1,90,000 பவுண்டு வரும். லாரியில் 45,000 சொச்சம்தான். ஒரு வேகன் நாலு லாரிக்குச் சமம். டெக்சாஸ், லூயிசியானா கடலோரத்திலிருந்து வரும் சரக்கு என்றால் வாடகையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இந்த இடத்தில்தான் பலர் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஷார்ட் லைன் கையில் இருப்பது கடைசிச் சில மைல்கள்தான். ஆயிரம் மைல் பயணம் பெரிய கம்பெனியிடம். வேகனை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்கும் இன்டர்சேஞ்ச் யார்டில்தான் நாள்கள் கரைகின்றன. வாரத்துக்கு ஒன்றாக வரவேண்டிய வேகன்கள் வழியில் எங்கோ தங்கி, ஒரே நாளில் ஐந்தாக வந்து நிற்கும். உங்கள் சைடிங்கில், அதாவது ஆலைக்குள் வரும் கிளைத் தண்டவாளத்தில், இரண்டுக்குத்தான் இடம். மீதி மூன்றையும் ஷார்ட் லைன் தன் யார்டில் வைத்துக்கொண்டு, "வந்துவிட்டது, உங்களிடம் இடமில்லை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அந்த நொடியிலிருந்து வேகன் உங்கள் வாசலுக்கு வந்ததாகவே கணக்கு. இலவச நேரம் முடிந்ததும் டெமரேஜ், அதாவது வேகனை நிறுத்தி வைத்ததற்கான தாமதக் கட்டணம், ஏறும்.

இதைவிட எரிச்சலான செலவு ஒன்று உண்டு. வேகனைக் காலி செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஷிஃப்ட் ஆட்கள் போய்விடுவார்கள். ரயில்வேக்கு அது தெரியாது. வேகன் எண்ணைக் குறிப்பிட்டு "காலி, எடுத்துப் போகலாம்" என்று நீங்கள் ரிலீஸ் கொடுக்கும்வரை மீட்டர் ஓடும். வெள்ளி மாலை காலியான வேகனுக்குத் திங்கள் காலை ரிலீஸ் கொடுக்கும் பழக்கம் உள்ள ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், ரயில்வே கொள்ளையடிக்கிறது என்பார்கள். இறக்கும் ஃபோர்மேனிடமே அந்த வேலையை ஒப்படையுங்கள், அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாம்.

கட்டண ஒப்பந்தத்தில், முழுத் தூரத்துக்கும் ஒரே பில்லா, இரண்டு ரயில்வேயும் தனித்தனி பில்லா என்று கேளுங்கள். தனித்தனி என்றால் எரிபொருளுக்கான கூடுதல் கட்டணமும் (சர்சார்ஜ்) இரண்டு இடத்தில் வரலாம். இன்னொன்று, பெரிய கம்பெனி சில கிளைகளை விற்கும்போது அல்லது குத்தகைக்கு விடும்போது, சரக்கைப் போட்டிக் கம்பெனியிடம் கொடுத்தால் அபராதம் என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கும். வரைபடத்தில் இரண்டு மெயின் லைன்களைத் தொடும் ஷார்ட் லைன், நடைமுறையில் ஒன்றோடு மட்டும் கட்டுண்டிருக்கலாம். இரண்டு கம்பெனியிடமும் விலை பேசலாம் என்று நினைத்து இடம் வாங்கினால் ஏமாற்றம்தான்.

எடையையும் கேட்க வேண்டும். மெயின் லைனில் வேகனோடு சேர்த்து 2,86,000 பவுண்டு போகலாம். பல கிளைகளில் பழைய தண்டவாளமும் பாலங்களும் 2,63,000தான் தாங்கும். வேகனுக்கு 23,000 பவுண்டு இடைவெளி, அதாவது அரை லாரி. குருணைக்கு இது பெரிதாக இடிக்காது. தானியம், உப்பு, ஜல்லி எடுப்பவர்களுக்கு இடிக்கும். இந்தத் தண்டவாளங்களையும் பாலங்களையும் பழுதுபார்க்கும் செலவில் 40 சதவீதத்தை, மைலுக்கு 3,500 டாலர் என்ற உச்சவரம்போடு, ஷார்ட் லைன்கள் வரிச்சலுகையாகப் பெறுகின்றன. உங்கள் லைன்காரர் எந்தப் பாலத்தை எப்போது மாற்றப்போகிறார் என்று கேட்பதில் தவறே இல்லை.

அப்புறம், வேலிக்கு உள்ளே இருக்கும் தண்டவாளம் பெரும்பாலும் உங்களுடையது. சைடிங் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ஸ்லீப்பர் கட்டையை மாற்றுவது, புல் வெட்டுவது, பனி அள்ளுவது எல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கும். தண்டவாளத்தின் உள்பக்கப் பள்ளத்தில் பனி இறுகினாலோ, சிந்திய குருணை சேர்ந்து கெட்டியானாலோ சக்கரம் ஏறி வேகன் தடம் புரளும். அந்தச் செலவுக்கு ரயில்வே உங்களைத்தான் கைகாட்டும்.

இறக்கும்போது கீழ்வாயில் குழாய் மாட்டி உறிஞ்சுவோம். மேல்மூடியைத் திறந்து, வடிகட்டி போட்டுக் காற்றுக்கு வழி விட்ட பிறகே பம்பை ஓட்ட வேண்டும். கை பிரேக் இறுகியிருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா, ஆட்கள் வேலை செய்வதைக் காட்டும் நீலக் கொடி வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேகன்மீது ஏற வேண்டும். வேகன் ஐந்தடி தள்ளி நின்றுவிட்டது, குழாய் எட்டவில்லை என்று ஃபோர்க்லிஃப்டால் தள்ளுவதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். லேசான சரிவு போதும், நூறு டன் எடை நகர ஆரம்பித்தால் ஃபோர்க்லிஃப்ட் அதை நிறுத்தாது. இந்த வேலைக்கென்றே கார் மூவர் என்ற வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. அது இல்லையா, ஷார்ட் லைனுக்கு போன் செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது இன்ஜினை வைத்தே சரியான இடத்தில் நிறுத்திவிட்டுப் போவார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, கொடுத்துவிடுங்கள்.